கைக்கடிகாரம் வாங்குமுன் கேட்க வேண்டியவை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிக் கலைஞர்கள் செய்யும் கைக்கடிகாரத்தை வாங்குவதா, பேர்பெற்ற நிறுவனத்தின் கடிகாரத்தை வாங்குவதா என்ற விவாதம் சேகரிப்பாளர்களிடையே ஓய்வதில்லை. பேச்செல்லாம் அழகையும் மறுவிற்பனை விலையையும் பற்றியே போகிறது. இருபது ஆண்டு கழித்து அதைத் திறந்து பழுதுபார்க்கப் போவது யார், பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

தனிக் கலைஞர்களில் இரண்டு வகை உண்டு. கேஸ் (வெளிக்கூடு), டயல், முட்களைத் தாமே வடிவமைத்து, உள்ளே சுவிஸ் நிறுவனங்களின் ஈடிஏ 2824-2, செலிட்டா எஸ்டபிள்யூ200-1 போன்ற வாங்கிய மூவ்மென்ட்டை (கடிகாரத்தை ஓட்டும் இயந்திரம்) பொருத்துபவர்கள் ஒரு வகை. இதைக் குறையாகப் பேசுவது சரியல்ல. 25.6 மி.மீ. விட்டமுள்ள இந்த மூவ்மென்ட்டுகள் வாட்ச் மெக்கானிக்குகளுக்கு நன்கு பழக்கமானவை. பாகங்கள் கிடைக்கும், வேண்டுமானால் மூவ்மென்ட்டை முழுதாகவே மாற்றிவிடலாம். மூவ்மென்ட்டையும் தம் பட்டறையிலேயே செய்பவர்கள் இன்னொரு வகை. சுவிஸ் கலைஞர் ஃபிலிப் துஃபூர் 2000இல் கொண்டுவந்த ‘சிம்ப்ளிசிட்டி’ இவற்றில் தலைசிறந்தது: சாவி கொடுத்து ஓட்டுவது, சிறிய விநாடி முள்ளைத் தவிர வேறு அலங்கார வசதி எதுவும் இல்லை.

கையால் செய்தது கெட்டால் கதியில்லை, கம்பெனி என்றால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாகம் எதனால் ஆனது என்று பார்த்தால் இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். எஃகும் பித்தளையுமாக இருந்தால், லேத் வைத்திருக்கும் தேர்ந்த கைக்காரர் பேலன்ஸ் ஸ்டாஃபையே (ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு) புதிதாகக் கடைந்து போடுவார். அதன் நுனி ஏறத்தாழ 0.1 மி.மீ. பருமன்தான், வேலை கடினம், ஆனால் நடக்கும். அந்தச் சக்கரத்தை ஊசலாட வைக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங் சிலிக்கானில் செய்யப்பட்டிருந்தால் அதைக் காந்தம் பாதிக்காது, அது பெரிய நன்மை. ஆனால் உடைந்துபோனால் பட்டறையில் செய்துகொள்ள முடியாது. செய்த நிறுவனமே தர வேண்டும். தங்கள் அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டுமே பாகம் தரும் பெரிய நிறுவனங்கள் பல உள்ளன.

பழைய கடிகாரமானால், எவர் செய்ததாயினும், வாங்குமுன் டைம்கிராஃபரில் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். முழுச் சாவி கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் (சாவித் திருகு) மேலே, கிரவுன் கீழே, கிரவுன் இடப்பக்கம் என ஐந்து நிலைகளில் அளக்க வேண்டும். நிலை மாற்றியதும் அரை நிமிடம் பொறுத்த பிறகே எண்களைக் குறிக்கவும். படுக்கை நிலையில் வீச்சு (பேலன்ஸ் சக்கரம் நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் சுழலும் கோணம்) 270 முதல் 310 டிகிரி வரை இருந்தால் நல்லது. செங்குத்தில் அதைவிட 20 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. அதற்கும் மேல் குறைந்தால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், நுனி தேய்ந்திருக்கலாம். பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளுக்குள் உள்ள வித்தியாசம்) 0.8 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால்தான், சாவி கொடுத்த விசையைச் சேமித்து வைக்கும் மெயின்ஸ்பிரிங்கின் நிலை தெரியும்.

லிஃப்ட் ஆங்கிளை, அதாவது விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கும் எஸ்கேப்மென்ட் என்ற அமைப்போடு தொடர்பில் இருக்கையில் பேலன்ஸ் சக்கரம் சுழலும் கோணத்தை, கருவியில் சரியாகக் கொடுக்காவிட்டால் இந்த அளவெல்லாம் பொய்யாகிவிடும். கருவியில் வழக்கமாக 52 டிகிரி இருக்கும். ஈடிஏ 2824-2க்கு 50 என்பதால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற தனிக் கலைஞர் கண்டுபிடித்து, 1999இல் ஒமேகா தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டுக்கு 38. அதை 52இல் அளந்தால், 220 டிகிரி மட்டுமே வீசும் சோர்ந்த கடிகாரம் 300 காட்டும். விற்பவர் தரும் புகைப்படத்தில் இந்த எண்ணைத்தான் முதலில் தேட வேண்டும். தனிக் கலைஞரிடம் வாங்கினால் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்க வேண்டியது அது மட்டுமல்ல. மெயின்ஸ்பிரிங்கின் அகலம், தடிமன், நீளம்; ஹேர்ஸ்பிரிங் எதனால் ஆனது, யாரிடம் வாங்கியது; எந்த இடத்துக்கு எந்த எண்ணெய்; மூவ்மென்ட்டின் வரைபடம். கூடவே ஒரு மெயின்ஸ்பிரிங், ஒரு பேலன்ஸ் ஸ்டாஃப், ஒரு வைண்டிங் ஸ்டெம் (சாவித் தண்டு), ஒரு ஜோடி முள், ஒரு கண்ணாடி. கேஸ் வட்டமாக இல்லாவிட்டால் இரண்டு கண்ணாடி. உடைந்தபின் தேடி அலைய வைப்பது பெரும்பாலும் மூவ்மென்ட் அல்ல, இந்தக் கண்ணாடியும் முள்ளும்தான்.

நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு அனுப்புவோர், ‘கேஸை பாலிஷ் செய்யக் கூடாது, டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ரசீதிலேயே எழுத வையுங்கள். பாலிஷில் மழுங்கிய லக் (பட்டை மாட்டும் கொம்பு) விளிம்பைப் பழையபடி மீட்பது மிகவும் கடினம்.

பெயரை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. டேனியல் ரோத் என்ற கடிகாரக் கலைஞர், ஜெரால்ட் ஜென்டா என்ற கடிகார வடிவமைப்பாளர் ஆகியோர் பெயரில் இயங்கிய இரு நிறுவனங்களையும் 2000இல் நகை நிறுவனமான புல்காரி வாங்கியது. டயலில் உள்ள பெயருக்கு உரியவர்தான் அதைச் செய்தார் என்று கொள்ளாமல், எந்த ஆண்டில், யார் கையில் உருவானது என்று பார்த்தே விலை பேச வேண்டும்.

முதன்முதலாகத் தனிக் கலைஞரிடம் வாங்குவோருக்கு என் பரிந்துரை: வட்டக் கேஸ், சாவி கொடுக்கும் வகை, மூன்று முள், உலோக ஹேர்ஸ்பிரிங், வழக்கமான லீவர் எஸ்கேப்மென்ட். டூர்பியோன் (எஸ்கேப்மென்ட்டையே சுழல வைக்கும் சிக்கலான அமைப்பு) பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டிச் சில ஆண்டுகள் காத்திருக்கும் ஏற்பாடு என்றால், செய்பவர் நோயுற்றாலோ பட்டறை மூடப்பட்டாலோ பணமும் வரைபடமும் அதுவரை செய்து முடித்த பாகங்களும் யாரிடம் சேரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே முதல் தவணையைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
கைக்கடிகாரச் சேகரிப்பாளர் ஒருவர்