பால் கொடு என்கிறீர்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாய்ப்பால் வாரத்தை ஒட்டி உங்கள் பேப்பரில் வந்த செய்திகளைப் பார்த்தேன். ஊர்வலம், கோலப்போட்டி, மேடையில் உறுதிமொழி. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் பெற்றவளைப் பார்த்தே பேசுகிறார்கள், தாய்மார்களே பால் கொடுங்கள், அழகு கெட்டுப்போகாது, பயப்படாதீர்கள் என்று. அழகு கெடும் என்று பயந்து பால் கொடுக்காத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. கொடுக்க ஆசைப்பட்டு, முடியாமல் அழுத பெண்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பது 55 சதவீதம்தான். நாடு முழுக்க இது 63.7. ஆஸ்பத்திரி, டாக்டர், நர்ஸ் என எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிற நாம் இதில் மட்டும் ஏன் பின்னால் போனோம்? அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது, இங்கே நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தையல் வலியோடு திரும்பிப் படுக்கக்கூட முடியாதவளிடம், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடு என்று சொன்னால் மட்டும் போதுமா, குழந்தையைத் தூக்கி மாரோடு சேர்த்து வைக்க ஓர் ஆள் வேண்டாமா?

என் மகளுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். முதல் நாள் ராத்திரி குழந்தை அழுதது. பெல் அடித்தோம். வந்த சின்னப் பெண் (பாவம், அவள் ஒருத்திதான் அந்த மாடி முழுக்க) குழந்தை எப்படிக் குடிக்கிறது என்று பார்க்கவே இல்லை, "பால் பத்தலை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஏற்கெனவே கலக்கி வைத்திருந்த பவுடர் பாலைப் பாலாடையில் கொண்டுவந்து புகட்டினாள். குழந்தை தூங்கிவிட்டது, எங்களுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. மறுநாளும் அதேதான். அந்த நாட்களில் ஊறுவது சீம்பால், அதுவே கொஞ்சம்தான் வரும், பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அந்தக் கொஞ்சமே போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும், இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது இதற்கும் பொருந்தும். பாலாடையில் வயிறு நிறைந்த குழந்தை மாரில் சப்பாது, சப்பாவிட்டால் சுரப்பு குறையும், குறைந்ததும் "பார்த்தீங்களா, அப்பவே சொன்னேனே" என்பார்கள்.

எங்களுக்கு உதவி வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து அல்ல. எங்கள் தெருவில் இருக்கும் ரிடையர்டு கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பார்க்க வந்தார். வந்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தையலில் படாதபடி குழந்தையின் காலை என் மகளின் அக்குளுக்குப் பின்னால் தள்ளி, கைக்குக் கீழே தலையணை வைத்து, குழந்தையின் வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பகுதியும் உள்ளே போகிற மாதிரி பிடித்து வைத்தார். குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது. அரை மணி நேர வேலை. எல்லா பிரசவ வார்டிலும் இதைச் செய்ய ஓர் ஆள் இருக்க வேண்டும், அதுவும் ராத்திரியில் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம். தாய்ப்பால் ஆலோசகர் இருக்கிற இடங்களிலும் பகல் டியூட்டியோடு கிளம்பிவிடுகிறார்கள், குழந்தையோ ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வீறிடுகிறது.

உண்மையிலேயே பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு. குறைமாதம், சர்க்கரை இறங்குவது, தாய்க்கு உடம்பு ரொம்ப முடியாமல் போவது. அந்தத் தாய்களை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் தேவை என்றால் டாக்டர் பார்த்து, காரணத்தை கேஸ் ஷீட்டில் எழுதி, பெற்றவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும். ஒரு பாராசிட்டமால் கொடுத்தாலே எழுதுகிறார்களே! பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் போட்டு, 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். அந்தச் சட்டம் பிரசவ வார்டுகளில் எப்படி நடக்கிறது என்று சுகாதாரத்துறை போய்ப் பார்க்க வேண்டாமா?

அப்புறம் சாப்பாடு. இது அரசாங்கத்தைவிட நம் வீட்டுப் பெரியவர்களுக்கு. பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பத்தியம் என்ற பேரில் பழம் கூடாது, காய் கூடாது, தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று தாகத்தோடு உட்காரவைப்பது என்ன நியாயம்? பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிடத் தினமும் 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அது. நாமோ இருக்கிறதையும் குறைக்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் உதவி 6,000 ரூபாயிலிருந்து 12,000 ஆகி, 2018-லிருந்து 18,000 ஆகியிருக்கிறது. அதில் 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பேரீச்சம்பழமும் நெய்யும் யாருக்காக வந்ததோ அவள் தட்டுக்குப் போகிறதா, இல்லை வீடே பங்கு போடுகிறதா என்று ஒவ்வொரு மாமியாரும் (நானும்தான்) யோசிக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் கதை தனி. அரசு ஊழியருக்கு 2021-லிருந்து ஒரு வருட விடுப்பு, பெரிய கம்பெனியில் 26 வாரம், சித்தாள் வேலைக்கும் பீஸ் ரேட் தையலுக்கும் போகிறவளுக்குப் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அவளிடம் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தது நல்ல காரியம். வேலை செய்கிற இடத்தில் அவளுக்கு ஓர் அறை கிடைக்க என்ன வழி என்றும் யாராவது எழுதுங்கள்.

அரசாங்கம் ஆள் போடும்வரை உங்கள் வாசகர்கள் ஒன்று செய்யலாம். தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பேக்கேஜ் எவ்வளவு, ஏசி ரூம் உண்டா என்று கேட்கிறோம் இல்லையா, அப்போதே ராத்திரி பால் கொடுக்க உதவ யார் இருப்பார்கள் என்றும், எங்களைக் கேட்காமல் பவுடர் பால் கொடுப்பீர்களா என்றும் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அடுத்த ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.