அப்பாவின் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒரு நன்றி நவிலல்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் அந்தியேட்டி, இறந்து ஒரு மாதத்தில் செய்கிற கிரியை, முடிந்தது. செய்தி கேட்டு ஓடிவந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அண்ணா வழக்கமான நன்றி நவிலலைப் போட்டுவிட்டார். அதில் இடம் கிடைக்காத சிலருக்கு இதை நான் தனியாக எழுதுகிறேன். அவர்கள் சொந்தக்காரரும் இல்லை, ஊர்க்காரரும் இல்லை. சுவிசில் பேர்ண் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் அப்பா படுத்திருந்த ஏழு கிழமையும், அவர் சொன்னது டொக்டர்களுக்கும் டொக்டர்கள் சொன்னது அவருக்கும் பழுதில்லாமல் போய்ச் சேரப் பாடுபட்டவர்கள்.

கொஞ்சம் பின்னாலிருந்து சொன்னால்தான் இது விளங்கும். 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களில் அப்பாவும் ஒருவர், 1985இல் சுவிசுக்கு வந்தார். 27 வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை. அங்கே வேண்டிய டொச், அதாவது ஜெர்மன் மொழி, எல்லாம் அவருக்குத் தெரியும், அதுவும் பேர்ண்காரர் வாயில் வருகிற மாதிரியே பேசுவார். ஆனால் கடிதத்தில் வருகிற டொச் வேறு, டொக்டர் பேசுகிற டொச் அதைவிட வேறு. கணையம், பித்தக்குழாய், கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது என்பதையெல்லாம் அந்த மனுசன் எங்கே போய்ப் படித்திருப்பார்?

இப்படியான வீடுகளில் மொழிபெயர்க்கிற வேலை பிள்ளைகளின் தலையில்தான் விழும். நானும் அண்ணாவும் அம்மாவும் 1991இல் வந்தோம், எனக்கு அப்போது எட்டு வயது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு நாள், வேறொரு வைத்தியசாலையில், அம்மாவின் வயிற்றில் இருந்த குழந்தையின் இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் சொல் என்று காத்திருந்தார். எனக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "பேபி இல்லையாம் அம்மா" என்றேன். அம்மா அழுததை நான் பிழையாகச் சொன்னதால் வந்த அழுகை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டொக்டரில் எனக்கு இப்போது கோபம் இல்லை, ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையிடம் அதைக் கொடுத்திருக்கக்கூடாது, அதை இன்றைக்கும் அழுத்திச் சொல்வேன். மொழிபெயர்ப்பு வேலையைச் செய்பவர்களுக்கென்று சுவிசில் நாடு தழுவிய அமைப்பாக இன்டர்பிரெட் உருவானதே 1999இல்தான்.

அதனால் முதல் நன்றி புற்றுநோய்ப் பிரிவின் இளம் பெண் டொக்டருக்கு. முதல் சந்திப்பில் வழக்கம்போல நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் நீளமாக ஏதோ சொல்லி முடிக்க, நான் அப்பாவிடம் "சின்னச் சின்னக் கட்டிகள் இருக்காம், மருந்து இருக்காம்" என்றேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தான் பேசியதன் நீளத்தையும் நான் பேசியதன் நீளத்தையும் கவனித்திருக்கிறார். பேனாவைக் கீழே வைத்தார். அடுத்த முறை பல்பண்பாட்டு மொழிபெயர்ப்பாளர், அதாவது மொழியோடு இரண்டு பக்கத்துப் பழக்கவழக்கமும் தெரிந்த ஒருவரை அழைக்கிறேன், நீங்கள் மகளாக மட்டும் வாருங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, முப்பது வருடமாகச் செய்கிறேன், என் டொச்சில் என்ன குறை என்று. குறை டொச்சில் இல்லை என்பது வீட்டுக்கு வந்து அன்று இரவு படுத்த பிறகுதான் விளங்கியது. அப்பாவுக்கு நோகும் என்று நினைத்த ஒவ்வொரு சொல்லையும் நான் வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மொழிபெயர்க்க வந்த அக்காவுக்கு. உங்கள் பெயரை எழுதமாட்டேன், உங்கள் தொழிலில் ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். வந்ததும் கதிரைகளை இழுத்து முக்கோணமாகப் போட்டீர்கள், அப்பாவும் டொக்டரும் நேருக்கு நேர், நீங்கள் பக்கத்தில். இந்த அறையில் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பேன், எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன், வெளியே யாரிடமும் சொல்லவும் மாட்டேன் என்று இரண்டு மொழியிலும் சொன்னீர்கள். எங்கள் ஆட்கள் இன்னொரு தமிழர் முன்னால் நோயைப் பற்றிக் கதைக்கப் பயப்படுவதே கதை கோயில் வரைக்கும் போய்விடும் என்றுதான். அதைக் கேட்டதும் அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். டொக்டர் "நான் நினைக்கிறேன்" என்றால் நீங்களும் "நான் நினைக்கிறேன்" என்றே சொன்னீர்கள். முதலில் அது விசித்திரமாக இருந்தது, பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே இருப்பதே மறந்துபோய் அப்பா டொக்டரைப் பார்த்தே பேசத் தொடங்கிவிட்டார்.

அடுத்த சந்திப்புக்கு முன்னால் நடைபாதையில் வைத்து, அப்பாவிடம் உண்மையைச் சொல்லவேண்டாம், தாங்கமாட்டார் என்று அண்ணா டொக்டரிடம் கேட்டார். நோயாளியிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை என்றார் டொக்டர். இரண்டு பக்கமும் குரல் உயர்ந்தது. அண்ணாவுக்கு டொக்டர் கல்நெஞ்சக்காரியாகத் தெரிந்திருப்பார், டொக்டருக்கு நாங்கள் பொய்யராக. அப்போது நீங்கள் யார் பக்கமும் சாயவில்லை. இனிமேல் சொல்வது மொழிபெயர்ப்பு இல்லை, விளக்கம் என்று முதலில் சொல்லிக்கொண்டீர்கள். எங்கள் குடும்பங்களில் கெட்ட செய்தியைப் பிள்ளைகள் முதலில் வாங்கிக்கொள்வது பெற்றோருக்குச் செய்கிற கடமை, அது ஏமாற்று இல்லை என்று டொக்டரிடம் சொன்னீர்கள். இங்கே உடம்பு யாருடையதோ செய்தியும் அவருடையது, அது மரியாதைக் குறைவு இல்லை என்று அண்ணாவிடம் சொன்னீர்கள். அப்புறம் டொக்டர்தான் வழியைக் கண்டுபிடித்தார்: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அப்பாவையே கேட்பது.

அப்பா கேள்வியைக் கேட்டு, எங்களை வெளியே நிற்கச் சொன்னார். அரை மணி நேரம். உள்ளே என்ன நடந்தது என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை, அப்பாதான் பிறகு ஒரு இரவு சொன்னார். "எனக்கு முதலே தெரியும். பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ, தாங்காதுகள் எண்டு டொக்டரிட்டக் கேட்டனான்." நாங்கள் அவருக்கு மறைக்க, அவர் எங்களுக்கு மறைக்க, நடுவில் எல்லாம் தெரிந்த நீங்கள் இரண்டு பக்கத்தையும் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள்.

தாதிமாருக்கும் ஒரு கதை இருக்கிறது. வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் அப்பா எப்போதும் மூன்று என்பார். மருந்து வேண்டுமா என்றால் "பரவாயில்லை" என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவார். சுவிஸ்காரருக்கு அந்தத் தலையாட்டல் வேண்டாம் என்றே தெரியும், அப்படியே குறிப்பும் எழுதினார்கள். அந்தப் "பரவாயில்லை"க்குள் வேண்டாம் என்பதும் இருக்கும், உங்களுக்கு ஏன் கரைச்சல் என்பதும் இருக்கும், தருவதென்றால் தாருங்கள் என்பதும் இருக்கும் என்று அக்கா விளக்கிய பிறகு, ஒரு தாதி கேள்வியையே மாற்றினார். இலக்கத்தை விட்டுவிட்டு, இரவு நித்திரை வந்ததா, எத்தனை தரம் எழும்பினீர்கள் என்று கேட்டார். அதற்கு அப்பா உண்மையைச் சொன்னார். அன்றைக்கே மருந்தின் அளவு கூடியது. அதைவிடப் பெரிய உதவி எனக்கு நினைவில் இல்லை. அதே தாதிதான், அப்பாவைப் பார்க்க இருபது பேர் வந்து நின்றபோது முகம் சுளிக்காமல், பக்கத்துக் கட்டில்காரருக்கு அமைதி தேவை என்று விளக்கி, எல்லோரும் இருக்க இளைப்பாறும் அறையைத் திறந்துவிட்டு இரண்டு இரண்டு பேராக உள்ளே விட்டவர்.

ஒரு நள்ளிரவில் அப்பாவுக்கு மூச்சு முட்டியபோது தொலைபேசியில் வந்த ஐயா, உங்களை நான் பார்த்ததே இல்லை. 2011இலிருந்து இங்கே நாடு முழுவதற்கும் 24 மணி நேரத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, தமிழும் அதில் உண்டு, ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தயவுசெய்து கேட்டு வையுங்கள். நான் வீட்டிலிருந்து ஓடிப்போய்ச் சேர்வதற்கு முன்பே, என்ன நடக்கிறது, முகமூடியை ஏன் போடுகிறார்கள் என்று அந்தக் குரல் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டது.

கடைசிக் காலத்துக்கு என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரம் 2013இலிருந்து நாடு முழுவதும் சட்டப்படி செல்லும். நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுத்திருக்கமாட்டோம், சாவைப் பற்றி வாயால் சொல்வதே ஆகாது என்று வளர்ந்தவர்கள். அக்கா வழியாக ஒவ்வொரு வரியையும் கேட்டு, அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். மூச்சுக் குழாய் வேண்டாம் என்றிருந்தார். அந்த முடிவை நானும் அண்ணாவும் எடுக்கவேண்டி வந்திருந்தால் இன்றைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்திருப்போம்.

இறுதிச் சடங்கைப் பொறுப்பெடுத்த சுவிஸ் அம்மாவுக்கும் நன்றி. சுண்ணம் இடிக்க உரல், உலக்கை, வாய்க்கரிசி, கற்பூரம் என்று நான் பட்டியல் சொல்லும்போது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கற்பூரப் புகைக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் என்று முன்பே யோசித்து அனுமதி எடுத்து வைத்ததும் அவர்தான்.

அக்கா, இன்னும் ஒரு விசயம். அப்பா போவதற்கு இரண்டு நாள் முன்னால் உங்களிடம் சொல்லச் சொல்லி ஒன்று தந்தார். நீங்கள் அந்தக் கிழமை வரவில்லை, அதற்குப் பிறகு சந்திக்கவும் கிடைக்கவில்லை. இந்த முறை கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்: "அந்தப் பிள்ளையிட்டச் சொல்லு, அவவின்ர வாயால கேட்டபடியா எனக்குப் பயம் வரேல்லை எண்டு."