பெற்றோரை வாசலில் நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் குறைமாதக் குழந்தைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர், மூச்சுக்கு உதவும் வென்டிலேட்டர் எல்லாம் விரிவாக இருந்தது. பெற்றவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பச்சிளம் குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான்; அதனால்தான் இந்தக் கடிதம்.

குழந்தையை உள்ளே வாங்கிக்கொண்டு குடும்பத்தை வாசலில் நிறுத்துவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கிருமித் தொற்று. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 295 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவின் குடும்பத்தாருக்கு மட்டும் கை கழுவுவதில் தொடங்கிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்து உள்ளே விட்டார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. தொற்று கூடவில்லை. வீட்டுக்குப் போகுமுன் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் அந்தப் பிரிவில் 80 சதவீதம், மற்றதில் 67. குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்வதற்கென மத்திய சுகாதார அமைச்சகமும் அதே ஆண்டில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது.

2021-இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையோடு கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா மருத்துவமனைகளும் சேர்ந்தன; 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த 3,211 குழந்தைகள். ஒரு பிரிவுக் குழந்தைகளை, உடல்நிலை தேறட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த கையோடு தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். தாயால் முடியாத நேரத்தில் குடும்பத்தில் இன்னொருவர். 28 நாளுக்குள் இறந்தவை இந்தப் பிரிவில் 12 சதவீதம். தேறிய பிறகு அணைப்புக்குக் கொடுத்த பிரிவில் 15.7. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

இனி நம் வார்டுக்கு வருவோம். சிசேரியன் தையலோடு ஒரு பெண் வேறொரு மாடியிலிருந்து பால் கொடுக்க நடந்து வருவாள். உட்கார நாற்காலி இருந்தால் அவள் அதிர்ஷ்டம். தகப்பனின் பாடு அதைவிட மோசம். மருந்து வாங்க, கையெழுத்துப் போட அவன் வேண்டும். பிள்ளையைத் தொட மட்டும் அனுமதி கிடையாது. "எடை கூடியிருக்கா சிஸ்டர்?" என்று வாசலில் நின்று கேட்பதோடு சரி. கடைசியில் டிஸ்சார்ஜ் அன்று பாலாடையில் பால் புகட்டுவதையும் ஆபத்து அறிகுறிகளையும் ஐந்தே நிமிடத்தில் ஒப்பித்து அனுப்புவோம். ஒன்றரைக் கிலோ குழந்தையைத் தூக்கவே கை நடுங்குகிறவளுக்கு அதில் என்ன ஏறும்?

அமெரிக்காவில் பெர்னடெட் மெல்னிக் என்ற செவிலியர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். குறைமாதக் குழந்தை எப்படி இருக்கும், அதற்குப் பெற்றோர் என்னென்ன செய்யலாம் என்பதை ஒலிப்பதிவாகவும் கையேடாகவும் ஆரம்பத்திலேயே கொடுத்தார். 2006-இல் வெளியான அவரது ஆய்வில் 260 குடும்பங்கள். தாய்மாரின் மன அழுத்தம் குறைந்தது. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலமும் ஏறக்குறைய நான்கு நாள் சுருங்கியது. மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை.

நம் செவிலியர் கல்லூரிகளிலும் முதுகலை மாணவியர் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அச்சு: 'தாய்மாரின் அறிவை மதிப்பிடுதல்', பாடம் நடத்துமுன் ஒரு வினாத்தாள், நடத்தியபின் அதே வினாத்தாள். மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்! பைண்டு செய்து நூலகத்தில் வைத்துவிடுவார்கள். தகப்பனை உள்ளே விட்டால் என்ன மாறுகிறது, வீட்டுக்குப் போன மாதத்தில் குழந்தையின் எடை என்னாகிறது, தினக்கூலிக் குடும்பம் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு வார்டில் இருக்க முடியும் என்றெல்லாம் தேடினால் எவ்வளவோ பயன்படும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. 'குடும்பமே பார்த்துக்கொள்கிறது' என்று காட்டிக் காலியிடங்களை நிரப்பாமல் விட்டுவிடக் கூடாது. கற்றுக்கொடுக்கவும் கூட நின்று பார்க்கவும் செவிலியருக்கு நேரம் வேண்டும். ஒரு ஷிப்டில் ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்கிறாள் என்ற நிலையில் அந்த நேரம் எங்கிருந்து வரும்?

அடுத்த முறை உங்கள் நிருபர் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குப் போனால், வென்டிலேட்டர் எத்தனை என்று கேட்பதோடு, தாய்க்குக் கட்டில் எங்கே போட்டிருக்கிறார்கள், தகப்பனை எப்போது உள்ளே விடுகிறார்கள் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி