பழைய சோதனைகளை வரிக்கு வரி மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளின் தலையில் வந்து விழும் வேலைகளில் ஒன்று, பழைய செலினியம் அல்லது புரொட்ராக்டர் உலாவிச் சோதனைகளைப் பிளேரைட்டுக்கு மாற்றுவது. இவை மூன்றும், உலாவியைத் தாமாக இயக்கி இணையத்தளம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் நிரல்களை எழுத உதவும் கருவிகள். புரொட்ராக்டருக்கான ஆதரவு 2023 இல் நின்றுவிட்டதால் அதை மாற்றத்தான் வேண்டும். செலினியம் அப்படியல்ல. ஒழுங்காக ஓடுவதை நாகரிகத்துக்காக மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து.

மாற்றுவதென்றால் வரிக்கு வரி பெயர்த்தெழுத வேண்டாம். பழைய நிரல்களில் ஆங்காங்கே ஐந்து செக்கன், பத்து செக்கன் என்று ஸ்லீப் (sleep), அதாவது சும்மா காத்திருக்கச் சொல்லும் கட்டளை, செருகியிருப்பார்கள். அவை இனி வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்துமுன் அது தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறெதுவும் அதை மறைக்கிறதா, செயற்படும் நிலையில் உள்ளதா என்று பிளேரைட் தானே பார்த்துக் காத்திருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் காத்திருக்காது. பலர் சறுக்குவது இங்கேதான். ஒன்று திரையில் தெரிகிறதா என்று கேட்கும் இஸ்விசிபிள் (isVisible) கட்டளை அந்தக் கணத்தில் கண்டதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதையே சரிபார்ப்பாக, எக்ஸ்பெக்டுடன் (expect) டுபிவிசிபிள் (toBeVisible) என்று எழுதினால்தான், அமைப்பை மாற்றாதவரை, 5 செக்கன் வரை திரும்பத் திரும்பப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதன் முன்னால், முடியும்வரை காத்திரு என்று சொல்லும் அவெயிட் (await) விடுபட்டாலோ, சரிபார்ப்பு முடியுமுன்பே சோதனை முடிந்து, தேறியதாகப் பச்சை காட்டக்கூடும்.

பொத்தானைத் தேட நிரலில் கொடுக்கும் ஒரே அடையாளத்துக்கு மூன்று பொத்தான்கள் பொருந்தினால் செலினியம் முதலாவதை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். பிளேரைட் பிழை காட்டி நிற்கும். உடனே, முதலாவதை எடு என்று சொல்லும் ஃபர்ஸ்ட் (first) போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். எந்த வரிசையில் உள்ள எந்தப் பொத்தான் என்று திட்டமாகக் குறிப்பிடுங்கள்.

பிளேரைட் சோதனைக் கோப்புகளைச் சமாந்தரமாக, அதாவது பலவற்றை ஒரே நேரத்தில், ஓட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாச் சோதனைகளும் ஒரே பயனர் கணக்கில் எழுதி அழித்தால், தனியே ஓடும்போது தேறியவை சேர்ந்து ஓடும்போது விழும்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதில் மெய்யோடு சேரும் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. இரு பக்கத்தையும் என்எஃப்சி (NFC) எனும் யுனிகோட்டின் ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்த பின் ஒப்பிடுங்கள். சோதனை ஓடும் சேவையகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் திரைப்பிடிப்பில் வெறும் பெட்டிகள்தான் வரும்.

இன்று எத்தனை மாற்றினாய் என்று நாளாந்தம் கணக்குக் கேட்கும் முகாமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாற்றிய ஒவ்வொரு சோதனைக்கும் செயலியை வேண்டுமென்றே ஓரிடத்தில் உடைத்து, சோதனை விழுகிறதா என்று பார்க்க நேரம் கொடுங்கள். விழாத சோதனையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குரிய பழையதை அதுவரை அழிக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பொறியியலாளர் ஒருவர்,
கொக்குவில்.