வெண்டைக்காய்ப் பூவும் வெளுத்த எழுத்தும்

ஸ்ரீரங்கம்
நவம்பர் 18

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு லேசானது. இனி நினைத்த அன்றைக்கே குலசேகரத்தில் பஸ் ஏறிப் பேத்தியைப் பார்த்துவிட்டு வரலாம். என் முட்டிவலி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது.

இங்கே பத்து நாளாக விட்டுவிட்டு மழை. பரண் ஓரத்தில் ஓதம் ஏறியதால் பழைய டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினோம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் என்ன இருந்தது தெரியுமா? 1984 பொங்கலுக்கு விடுதியில் நீ எனக்குச் செய்து கொடுத்த வாழ்த்து அட்டை. சமையல்கார அக்காவிடம் கெஞ்சி வெண்டைக்காய் வாங்கி வந்து, குறுக்கே வெட்டி, போஸ்டர் கலரில் தோய்த்துப் பூப்பூவாகப் பதித்தாயே, அதேதான். அட்டை பழுப்பேறிவிட்டது. ஆனால் பூக்கள் ஐந்து இதழோடு அப்படியே சிவப்பாக இருக்கின்றன. உள்ளே நீ நீல மையில் எழுதிய நான்கு வரிதான் போய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பேனா முள் கீறிய தடம் மட்டும் தெரிகிறது. "கரும்பு" என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்க முடிந்தது. அதை வைத்துக்கொண்டு அன்று ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூ ஏன் நின்றது, எழுத்து ஏன் போனது என்று இப்போது எனக்குத் தெரியும். காரணம், ஓய்வு பெற்றதிலிருந்து நானும் அட்டை செய்துகொண்டிருக்கிறேன். போன கடிதத்தில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன், நீ விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன்.

பெரியவள் ஊருக்கு வந்தபோது ஒரு சின்ன எந்திரம் கொண்டுவந்தாள். கரும்புச்சாறு பிழிகிற எந்திரத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே ஏற்பாடுதான். இரண்டு உருளை, பக்கத்தில் ஒரு கைப்பிடி. மெல்லிய எஃகில் செய்த அச்சைக் கூர்ப்பக்கம் காகிதத்தில் படும்படி வைத்து, மேலும் கீழும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு கொடுத்து, உருளைக்குள் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் இலையோ பறவையோ அச்சுப்போல வெட்டுப்பட்டு வரும். தகடு நொறுங்குவது போலச் சத்தம் வரும். முதல் தடவை நான் பயந்து நிறுத்திவிட்டேன், அது இயல்பான சத்தம்தானாம். ஒரே பக்கமாக வைத்துக்கொண்டே இருந்தால் தகடு வில்லாக வளைந்துவிடும், திருப்பித் திருப்பிப் போட வேண்டும். நுணுக்கமான அச்சாக இருந்தால் காகிதம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவில் மெழுகுத்தாள் ஒரு துண்டு வைத்தால் உதிர்ந்து வந்துவிடும்.

இந்த வெட்டு அச்சுக்குப் பெயர் டை. சாய மைக்கும் டை இங்க் என்றுதான் பெயர். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆரம்பத்தில் மகள் போனில் சொல்லச் சொல்ல நான் எதை எடுப்பது என்று முழித்தேன்.

மைக்கு வருகிறேன். எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது மைதான். சாய மையில் நிறம் நீரில் முழுக்கக் கரைந்திருக்கும். காகித நாருக்குள் இறங்கிச் சட்டென்று காய்ந்துவிடும். கோடு துல்லியமாக வரும், ஆனால் வெயிலும் வருஷமும் பட்டால் வெளுக்கும். பேனாவில் ஊற்றி எழுதிய நீல மையும் இந்த ஜாதிதான். நிறமி மை வேறு. அதில் நிறம் கரைவதில்லை, நுண்ணிய தூளாக மிதக்கும். காகிதத்தின் மேலேயே படிந்து நிற்பதால் காயத் தாமதமாகும், அதிலும் இந்த ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வழவழப்பான தாள் என்றால் மறுநாள் வரை விரலில் ஒட்டும். ஆனால் காய்ந்துவிட்டால் லேசில் வெளுக்காது. உன் போஸ்டர் கலரும் நிறமிதான். பூ நின்ற கதை அதுதான் கோமதி.

மூன்றாவதாகக் கரைப்பான் மை ஒன்று உண்டு, கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும்கூடப் பிடிக்கும். அதில் ஒரு கிளியின் வெளிக்கோடு பதித்து, மேலே ஆல்கஹால் மார்க்கரால் பச்சை தீட்டினேன். கறுப்பெல்லாம் கரைந்து பச்சைக்குள் ஓடி, ஒரு மணி நேர வேலை பாழானது. மார்க்கரில் இருப்பதும் கரைப்பான்தானே, மையை இளக்கிவிடுகிறது. மார்க்கர் தீட்டுவதாக இருந்தால் மெமென்டோ மாதிரி நீரில் செய்த சாய மையில்தான் கோடு பதிக்க வேண்டும். நீர்வண்ணம் என்றால் அதற்கு நேர்மாறு, தண்ணீர் பட்டுக் கலையாத மை வேண்டும். எதன்மேல் எது வரப்போகிறது என்று முன்கூட்டியே யோசித்துத்தான் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

முத்திரைகளில் இப்போது கண்ணாடி போன்ற பாலிமர் வகைதான் அதிகம் கிடைக்கிறது. அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பதித்தால் எங்கே விழுகிறது என்று ஊடே பார்க்கலாம். ஆனாலும் எனக்கு உங்கள் ஊர் ரப்பர் மரப் பாலில் செய்கிற ரப்பர் முத்திரைதான் பிடிக்கிறது. பாலிமரில் மை சில சமயம் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும், ரப்பர் ஒரே சீராக வாங்கிக்கொள்ளும்.

இந்த வருஷப் பொங்கல் அட்டையைச் சொல்கிறேன் கேள். கடையில் கிடைக்கிற முத்திரைகளில் பனிமனிதனும் பைன் மரமும் இருக்கின்றன. கோலம் இல்லை. ஆகவே நானே செதுக்கினேன். பெரிய அழிப்பான் ஒன்றில் ஐந்து புள்ளிச் சிக்குக் கோலம் வரைந்து, நுனி வி வடிவில் இருக்கும் செதுக்குக் கத்தியால் கோட்டைச் சுற்றியிருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டு நாள் ஆனது. காவி நிற அட்டை எடுத்து, மெல்லிய துணியில் கட்டிய டால்கம் பவுடர் பொட்டலத்தால் அதன்மேல் ஒற்ற வேண்டும், இல்லையென்றால் கை ஈரம் பட்ட இடத்திலெல்லாம் பின்னால் கொட்டப் போகிற எம்பாசிங் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு வெர்சாமார்க் என்ற நிறமில்லாத பிசுபிசுப்பு மையில் கோலத்தைப் பதித்து, வெள்ளை எம்பாசிங் தூளைக் கொட்டி, அட்டையைத் தட்டி மிச்சத்தை டப்பாவுக்கே திருப்பிவிட வேண்டும். கடைசியில் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியை அட்டையின் அடியில் காட்டினால் தூள் உருகி, ஒரு நொடியில் பளபளவென்று மேலெழும்பி நிற்கும். தலைமுடி காய வைக்கிற டிரையர் இதற்கு ஆகாது, தூளைப் பறக்கடிக்கும், சூடும் போதாது. கல்யாணப் பத்திரிகையில் எழுத்து புடைத்துக்கொண்டு இருக்குமே, அதுவும் இதே மாதிரி உருகின தூள்தான்.

காவித் தரையில் இழைக்கோலம் போட்ட மாதிரியே இருந்தது. விரலால் தடவிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தட்டுப்படுகிறது.

படம் சரி. எழுத்துதான் சங்கடம். ஹேப்பி பர்த்டேக்கு ஐம்பது வகை முத்திரை இருக்கிறது, தமிழில் என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அலுவலக முத்திரை செய்கிற கடையில் "பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று செய்து தரக் கொடுத்தேன். வாசகத்தை நெகடிவ் எடுத்து, திரவப் பாலிமர்மேல் வைத்துப் புற ஊதா விளக்கு காட்டுகிறார்கள், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், மற்றதைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். பார்க்க அருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பதித்தால் "நல்வாழ்த்துக்கள்" என்று நடுவில் ஒரு க்! எழுதிக் கொடுத்ததை அங்கே தட்டச்சு செய்தவர் திருத்தியிருக்கிறார். நீ வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் சொல்லியிருப்பாய், "கள்" விகுதிக்கு முன் அங்கே வல்லினம் மிகாது என்று. அதை அட்டையில் பதித்து உனக்கே அனுப்ப எனக்குக் கை வராது. தவிர எழுத்து பொடியாக இருந்ததால் ழ, ள சுழிகளுக்குள் மை அடைத்துக்கொண்டது, புள்ளிகள் கோட்டோடு கலந்துவிட்டன. தமிழுக்கு முத்திரை செய்வதென்றால் எழுத்து குறைந்தது ஒரு செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

தபால் கணக்கும் ஒன்று உண்டு. ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 300 ஜிஎஸ்எம் அட்டை, அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ளது, ஏ4 அளவில் 18.75 கிராம், பாதியாக வெட்டி மடித்தால் ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. மேலே ஒரு அடுக்கும் உறையும் சேர்த்தால் பதினேழு, பதினெட்டு. நுரை டேப் வைத்து இன்னொரு அடுக்கு தூக்கினால் சாதாரணக் கடிதத்துக்கான 20 கிராம் தாண்டிவிடும். அதனால் கோல அட்டையில் வேறு எதையும் ஒட்டவில்லை, அதற்கு அலங்காரம் தேவையும் இல்லை.

லண்டனில் 1843-ல் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி 1,000 கிறிஸ்துமஸ் அட்டை அச்சிட்டு, ஒரு ஷில்லிங்குக்கு விற்றாராம். வியாபாரத்துக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் அங்கே ஒரு பென்னி தபால் வந்திருந்தது. தபால் மலிவாக இருந்தால்தான் வாழ்த்தும் ஊர் ஊராகப் போகும். நம் வீட்டிலும் அப்படித்தானே, மார்கழி கடைசியில் சிவகாசி அட்டைகளை டஜன் கணக்கில் வாங்கி, உறையை ஒட்டாமல் செருகி, கட்டணம் குறைவான புக் போஸ்டில் போடுவோம். அப்பா முகவரிப் பட்டியலை வாசிக்க, நான் எழுதுவேன். இந்த வருஷம் நான் இருபத்திரண்டு பேருக்கு அனுப்பப் போகிறேன். இருபத்தொன்று முடிந்துவிட்டன, உள்ளே வாழ்த்தை நானே கையால் எழுதிவிட்டேன்.

உன்னுடையது மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கரும்பலகையில் நீ எழுதினால் அழிக்க மனசு வராத கையெழுத்து உன்னுடையது. "பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று கறுப்பு ஜெல் பேனாவில், கோடு போடாத வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பு. கோடு தடிமனாக, சுழி அகலமாக இருக்கட்டும். தெரிந்தால் 1984-ல் எழுதிய அந்த நான்கு வரியையும் எழுது, "கரும்பு" இருந்த வரியாவது. கடைக்காரரிடம் நானே உட்கார்ந்து, ஒரு எழுத்தும் மாறாமல் அப்படியே நெகடிவ் எடுக்கச் சொல்கிறேன். நிறமி மையில் பதிப்பேன்.

டிசம்பர் பத்துக்குள் வந்தால் முத்திரை செய்ய நேரம் இருக்கும். தாளை மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பு, மடிப்புக் கோடு நெகடிவில் விழுந்துவிடும்.

அன்புடன்,
விஜயா