பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுடன் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தோழர்களே, நேற்று குழுவில் வந்த ஒரு புகைப்படத்தை நீக்கிவிட்டேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயர், முகம், தெரு எதுவும் இங்கே வேண்டாம். நல்லெண்ணத்தில் போட்டாலும் பாரதிய நியாய சன்ஹிதா (இந்தியக் குற்றவியல் சட்டம்) 72ஆம் பிரிவில் அது குற்றம்.

அப்புறம், காவல் நிலையத்தில் "எங்க எல்லை இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பதிந்தாக வேண்டும்; முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகப் பார்க்க வேண்டும். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பாலித்தீனில் ஈரம் தங்கிச் சாட்சியம் கெடும். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பியவராக இருந்து, புகார் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், முடிவு அவருடையது.

வீட்டு வன்முறை என்றால் பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம்.

நவம்பர் 25 (பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள்) பிரசாரத்துக்குத் தட்டி எழுத ஞாயிறு மாலை 4 மணிக்கு வாருங்கள். பெயிண்ட் இருக்கிறது, பிரஷ்தான் குறைவு.