போஜ்பூர்க்காரர்கள் பர்மாவுக்கும் வந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தைப் பற்றி நீங்கள் போட்ட அறிமுகக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஆரா நகரம், வடக்கே கங்கை, கிழக்கே சோன், 1857இல் எண்பது வயதை நெருங்கியும் வாளெடுத்த ஜகதீஷ்பூர் குன்வர் சிங், எல்லாம் வந்திருக்கின்றன. பிழைக்கப் போனவர்கள் மொரீஷியஸுக்கும் டிரினிடாடுக்கும் போனார்கள் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். பர்மாவை விட்டுவிட்டீர்களே!

நான் பிறந்தது மாண்டலே ரயில் பாதையில், ஜியாவாடிக்குப் பக்கத்து ஊர். வெள்ளைக்காரன் காலத்தில் போஜ்பூர்ச் சீமையின் டும்ராவ் ஜமீன் திவானுக்கு ஜியாவாடியில் நிலம் மானியமாகக் கிடைத்தது. அவர் தம் சீமைக் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்கள் அவர்கள்தான். அப்போது அவர்களுடைய சீமை ஷாஹாபாத் ஜில்லா. 1972இல் அதைப் பிரித்துத்தான் போஜ்பூர் மாவட்டம் வந்தது. 1991இல் பக்ஸர் தனி மாவட்டமானதும் டும்ராவோடு போஜ்பூர் என்ற ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. பேர் கொடுத்த ஊரே இன்று அந்த மாவட்டத்தில் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, அந்தச் சீமை வம்சம். தீபாவளி கழிந்து ஆறாம் நாள், மூங்கில் முறத்தில் கரும்பு, வாழைப்பழம், கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் சுட்ட டேக்குவா எல்லாம் வைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று மறைகிற சூரியனைக் கும்பிடுவார். மறுநாள் விடியுமுன் போய் உதிக்கிற சூரியனுக்கும் அப்படியே. எங்கள் அம்மா வாசலில் பொங்கல் பானை ஏற்றும்போது ஆஜி வந்து நின்று, "இதுவும் எங்கள் சாமிதானே" என்பார்.

சில வருஷம் முன்பு பர்மியச் சிநேகிதர்களோடு புத்தகயை போனேன். அப்புறம் நான் மட்டும் பாட்னாவிலிருந்து ஆராவுக்கு ரயில் ஏறினேன். கொய்ல்வர் பாலத்தில் மேலே ரயில், கீழே வண்டிகள். 1862இல் திறந்த பாலம், இன்னும் தாங்குகிறது. கீழே சோன் ஆற்று மணல் மஞ்சள் மஞ்சளாகக் கிடந்தது. ஆரா ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரியவர் லிட்டி சுட்டுக்கொண்டிருந்தார். கோதுமை உருண்டைக்குள் வறுத்த கடலை மாவை அடைத்து வரட்டி நெருப்பில் சுடுவது அது. கையில் கொடுக்கும்போது என்னை 'ரவுவா' என்றார். போஜ்பூரியில் அது மரியாதையான 'நீங்கள்'. ஆஜி என் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலம்! லிட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்த முறை அந்த மாவட்டத்தைப் பற்றி எழுதும்போது ஜியாவாடிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அங்கே இன்றும் போஜ்பூரி பேசுகிறார்கள்.

இப்படிக்கு,
ரங்கூன் வாசகர் ஒருவர்